கிளினிக் கைமாறும்போது பழைய ஆட்கள்: கேள்வி பதில்

கும்பகோணம்: பழைய கிளினிக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். நோயாளிகள் எதிரிலேயே கம்பவுண்டர், "பெரிய டாக்டர் இப்படி எழுத மாட்டார்" என்கிறார். அனுப்பிவிடலாமா சார்?

பதில்: அவசரப்படாதீர்கள். வலங்கைமான், நாச்சியார்கோவில் பக்கத்து நோயாளிகளில் பலர் அந்தக் கம்பவுண்டர் முகத்தைப் பார்த்து வருகிறவர்கள். ஓ.பி. முடிந்ததும் தனியாக உட்காரவைத்து, மறுத்துச் சொல்வதென்றால் கதவுக்கு உள்ளே மட்டும் என்று சொல்லுங்கள். வேலைப் பட்டியலைத் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கிளினிக்கை விற்ற பெரிய டாக்டரை ஓரிரு நாள் வரச் சொல்லி, "இனி இவர்தான்" என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பது நல்லது. அதற்குப் பிறகும் தொடர்ந்தால் தேதி, நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் குறித்து மெமோ கொடுங்கள்.

மன்னார்குடி: டோக்கனும் ஃபீஸும் ஒரே ஆள் கையில். கணக்கு இடிக்கிறது. கேட்டுவிடலாமா?

பதில்: ஆதாரமில்லாமல் திருட்டு என்ற சொல்லை எடுக்கவே கூடாது. டோக்கன் ஒருவர், பணம் இன்னொருவர் என்று பிரியுங்கள். எண் அச்சடித்த ரசீதுப் புத்தகம் போடுங்கள். பார்த்த நோயாளிகளை உங்கள் மேசையிலேயே குறித்துவாருங்கள். இரவு கடைசி டோக்கன் எண், ரசீது எண், உங்கள் குறிப்பு, ரொக்கமும் ஜிபேயும் ஒத்துப்போக வேண்டும். ஓட்டை பெரும்பாலும் "ஃப்ரீ", "ரிவ்யூ" (மறுபார்வை) என்ற பெயரில்தான் ஒளிந்திருக்கும். உங்கள் சுருக்கொப்பம் இல்லாமல் அந்த இரண்டும் செல்லாது என்று வையுங்கள். கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் யார் கணக்கு என்பதையும் பாருங்கள். கூட்டம் அதேபோல் இருந்து வசூல் மட்டும் ஏறினால் விஷயம் விளங்கிவிடும்.

திருத்துறைப்பூண்டி: நான் இல்லாத நேரத்தில் நர்ஸ் ஊசி போட்டு அனுப்புகிறார்.

பதில்: இதற்கு ஒரு நாள்கூட அவகாசம் தரக் கூடாது. அனாபிலாக்சிஸ் என்ற கடும் ஒவ்வாமை வந்தால் சில நிமிடங்களில் உயிரே போகலாம். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். டைக்ளோஃபெனாக், செஃப்ட்ரியாக்சோன், டெக்சா போன்ற ஊசி மருந்துகள் எல்லாம் பூட்டுக்குள், சாவி உங்களிடம், காலையும் மாலையும் மருந்துக் குப்பிகளின் எண்ணிக்கை. அந்த ஒவ்வாமைக்கு உடனே போட வேண்டிய அட்ரினலின் உள்ள அவசரத் தட்டை மட்டும் பூட்டாதீர்கள். அவருக்கு நர்சிங் கவுன்சில் பதிவு உண்டா என்று சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பல கிளினிக்குகளில் "நர்ஸ்" என்ற பெயர் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டதுதான்.

மயிலாடுதுறை: ஊழியர்களின் பழைய சர்வீசுக்கு கிராஜுவிட்டி (பணிக்கொடை) யார் தலையில்?

பதில்: விலை பேசும்போதே எழுத வேண்டியது இது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்தவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26ஆல் வகுத்து, 15ஆலும் சர்வீஸ் வருடங்களாலும் பெருக்க வேண்டும். 13,000 ரூபாய், 20 வருடம் என்றால் 1,50,000. ஒவ்வொருவரும் சேர்ந்த தேதி, சம்பளம், வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் ஒப்பந்தத்தில் இணைப்பாக வரட்டும். அந்தத் தொகையை விலையில் கழித்துக் கேளுங்கள்.