இறக்கையில் வெள்ளி டேப்: விமானப் பராமரிப்பு பற்றி வாசகர் கேள்விகள்

மீனம்பாக்கத்திலிருந்து கோவை போகும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். இறக்கையில் வெள்ளி நிறத்தில் டேப் ஒட்டியிருந்தது. பிளாஸ்திரி போட்ட விமானத்திலா ஆளை ஏற்றுகிறார்கள்?
– பல்லாவரம் வாசகர்

அது பார்சல் கட்டுகிற டேப் அல்ல. ‘ஸ்பீடு டேப்’ என்பார்கள். மெல்லிய அலுமினியத் தகட்டின் பின்னால் கெட்டிப் பசை. பாரம் தாங்காத இடங்களில் மட்டும்தான் ஒட்டலாம்: பெயின்ட் உரிந்த இடம், பேனல் ஓரத்தில் சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை) போன இடம் இப்படி. எங்கே, எவ்வளவு பெரிய சேதத்துக்கு ஒட்டலாம் என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். ஒட்டியதைப் பதிவேட்டில் எழுதி, நிரந்தரமாகச் சரிசெய்ய நாள் குறிப்பார்கள்.

திருகாணி இல்லாத ஓட்டை தெரிந்தாலும் அப்படித்தான், உடனே பதற வேண்டாம். 2024 ஜனவரியில் மான்செஸ்டரில் ஒரு ஏர்பஸ் ஏ330-ன் இறக்கைப் பேனலில் நான்கு திருகாணிகள் இல்லாததைப் பயணி ஒருவர் பார்த்துச் சொன்னார். அந்தப் பேனலில் மொத்தம் 119 இருந்தன. நான்கு குறைந்ததால் ஆபத்து இல்லை. ஆனாலும் அவர் சொன்னது சரி. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவில் ஏறும்போதே உடற்பகுதியில் நீளமான விரிசலைப் பார்த்த பயணி ஒருவர் யாரிடமும் சொல்லவில்லை. 89,000 முறைக்கு மேல் பறந்து, கடல் உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்த அந்த அலோஹா நிறுவனத்து போயிங் 737-ன் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் இறந்தார்.

ஆகவே, கதவு மூடுவதற்கு முன் பணிப்பெண்ணிடம் சொல்லுங்கள். “ஏதோ உடைந்திருக்கிறது” என்றால் யாருக்கும் புரியாது. எந்தப் பக்கம், எத்தனையாவது வரிசைக்கு நேராக, திரவம் ஒழுகுகிறதா, தகடு ஆடுகிறதா என்று சொல்லி, எடுத்த படத்தையும் காட்டுங்கள். பறக்கத் தொடங்கிய பிறகு பார்த்தாலும் சொல்லலாம்.

இவ்வளவு படித்து, லைசென்ஸ் வாங்கினவர்கள் எப்படித் தப்பு செய்கிறார்கள்?
– வேளச்சேரி வாசகி

பெரும்பாலும் தெரியாமல் அல்ல, பழக்கத்தால். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற பொருள், விடிகாலை மூன்று மணி, ஆள் பற்றாக்குறை. இந்த மூன்றும் ஒரே இரவில் சேர்ந்தால் இருபது வருட அனுபவசாலிக்கும் கை தவறும்.

1990 ஜூன் 10, பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் 17,300 அடி உயரத்தில் விமானியின் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொள்ள, துணைவிமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்தார். அந்தக் கண்ணாடியை மாற்றிப் பொருத்தி 27 மணி நேரம்தான் ஆகியிருந்தது. 90 போல்ட்டுகளில் 84 விட்டத்தில் 0.026 அங்குலம் சிறியவை, மீதி ஆறும் நீளத்தில் 0.1 அங்குலம் குறைவு. 0.026 அங்குலம் என்றால் முக்கால் மில்லிமீட்டர்கூட இல்லை. கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்டோரில் மங்கிய வெளிச்சத்தில் கண்ணாலேயே ஜோடி பார்த்து எடுத்திருக்கிறார்கள். பாகப் பட்டியலைப் புரட்டவில்லை. போதாததற்கு, கழற்றிய பழைய போல்ட்டுகளிலேயே பெரும்பாலானவை அந்த இடத்துக்குரிய நீளம் இல்லாதவை! அந்தக் கண்ணாடி வெளிப்பக்கத்திலிருந்து பொருத்துவது. உள்ளிருக்கும் காற்றழுத்தம் வெளியே தள்ளும்போது தாங்குவது அந்த போல்ட்டுகள்தான். இன்னொருவர் வந்து மறுபடி பார்க்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் அன்று முன்கண்ணாடி இல்லை.

ஷிஃப்ட் மாறும் நேரம் அடுத்த பொறி. 1991 செப்டம்பர் 11 அன்று டெக்சாஸில் ஒரு சிறிய விமானம் விழுந்து 14 பேர் இறந்தார்கள். முந்தின இரவு ஷிஃப்ட்டில் கிடைமட்ட வால் இறக்கையின் இடது முன்விளிம்பில் மேல்வரிசையிலிருந்து 47 திருகாணிகளைக் கழற்றினார்கள், எழுதி வைக்கவில்லை. அடுத்து வந்தவர்களுக்கு அது தெரியாது. கீழ்வரிசைத் திருகாணிகள் இருந்ததால் தரையிலிருந்து பார்க்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதனால்தான் கழற்றிய திருகாணியைப் பையில் போட்டு, சீட்டு எழுதி, அந்தப் பேனலிலேயே கட்டித் தொங்கவிட வேண்டும். பாதியில் விட்ட வேலையை எழுத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டுப் போவது கணக்கில் வராது.

மூன்றாவது, ஒரே கை எல்லா இன்ஜினிலும் படுவது. 1983 மே 5, மயாமியிலிருந்து நசாவ் கிளம்பிய ஈஸ்டர்ன் நிறுவனத்து விமானம். எண்ணெயில் உலோகத்தூள் இருக்கிறதா என்று காட்டும் சிறு கருவியை மூன்று இன்ஜினிலும் மாற்றியிருந்தார்கள். வழக்கமாக ரப்பர் வளையம் மாட்டியே கைக்கு வரும். அன்று ஸ்டோரிலிருந்து வளையம் இல்லாமல் வந்தது. அப்படியே மாட்டிவிட்டார்கள். குக்கர் மூடியை கேஸ்கெட் இல்லாமல் போட்ட மாதிரி. கசிகிறதா என்று பார்க்க இன்ஜினைப் பத்து விநாடி சுற்றிப் பார்த்தார்கள். கசிவு தெரிய அது போதாது. நடுக்கடலில் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒன்றை மறுபடி கிளப்பி, 172 பேருடன் பத்திரமாக இறக்கியது விமானிகளின் கெட்டிக்காரத்தனம். கடல் தாண்டிப் போகும் இரட்டை இன்ஜின் விமானங்களில் ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இன்ஜினிலும் ஒரே வேலையைச் செய்யக் கூடாது என்ற விதி இந்த வகைத் தவறைத் தடுக்கத்தான்.

குளவி கூடு கட்டினால் விமானம் விழுமா? வாட்ஸ்அப்பில் வந்தது, நம்பலாமா?
– மயிலாப்பூர் வாசகர்

இதை நம்பலாம். மூக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டாட் குழாய்க்குள் புகும் காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேகம் கணக்காகிறது. நம் ஜன்னல் மூலையில் மண்கூடு கட்டுகிற குளவிக்கு அந்தத் துளை அளவெடுத்துச் செய்த வீடு. 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில், பல நாள் உறை போடாமல் நின்றிருந்த போயிங் 757 கிளம்பிக் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். ஒரு குழாய் அடைத்திருந்தது; குளவிக் கூடுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றது விசாரணை.

சரி, உறை போட்டுவிட்டால்? அதைக் கழற்ற மறப்பார்கள்! குளவிக்குப் பேர்போன பிரிஸ்பேனில் 2018 ஜூலையில் ஒரு ஏ330 மூன்று குழாய்களிலும் உறையோடே பறந்தது. வேகம் காட்டும் கருவி எதுவும் வேலை செய்யாமல் திரும்பி இறங்கியது. ‘பறக்கும் முன் கழற்று’ என்ற சிவப்பு நாடா அதில் தொங்குவது சும்மா இல்லை. 1996 அக்டோபரில் லிமாவில் விமானத்தைக் கழுவியவர்கள், உயரம் அளக்கும் துளைகளைச் சிவப்பில் அல்ல, வெள்ளி நிற டேப்பால் மூடினார்கள். பளபளக்கும் உடலில் அது யார் கண்ணுக்கும் படவில்லை. 70 பேர் இறந்தார்கள்.

வேலை செய்த ஸ்பேனரை உள்ளேயே விட்டுவிட்டால்?
– தாம்பரம் வாசகர்

நடக்கிறது. ஒரு குவான்டாஸ் ஏ380-ன் இன்ஜினுக்குள் 1.25 மீட்டர் நைலான் கருவி கிடந்தபடி 34 முறை பறந்தது, ஏறக்குறைய 294 மணி நேரம். 2024 ஜனவரி 1 அன்று கண்டெடுத்தார்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதன் நிழல் வரைந்த பலகை இருக்கும்; காலி நிழல் தெரிந்தால் கருவி கிடைக்கும்வரை விமானத்தை விடக் கூடாது.

மகன் ஏ.எம்.இ. (விமானப் பராமரிப்புப் பொறியியல்) சேர ஆசைப்படுகிறான். பி.இ. ஏரோநாட்டிக்கல் போதாதா?
– குரோம்பேட்டை வாசகி

வடிவமைக்க அது போதும்; விமானத்தை விடுவித்துக் கையெழுத்துப் போட முடியாது. அதற்கு டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) லைசென்ஸ் வேண்டும்: இன்ஜின், உடல் என்றால் பி1, மின்னணு என்றால் பி2. பாடம் வாரியாகத் தேர்வு, ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். பணம் கட்டும் முன் கல்லூரிக்கு சி.ஏ.ஆர். 147 (பயிற்சி நிறுவனங்களுக்கான விதி) ஒப்புதல் இருக்கிறதா என்று டி.ஜி.சி.ஏ. தளத்தில் பாருங்கள், விளம்பரத்தில் அல்ல.

‘டெக்னிக்கல் கோளாறு’ என்று மே மாத வெயிலில் உள்ளே உட்காரவைத்து வேர்த்து ஊற்றவிட்டார்கள். அப்புறம் கோளாறோடேயே கிளப்பினார்களாம்!
– திருவான்மியூர் வாசகர்

வேர்த்ததற்குக் காரணம், வாலில் இருக்கும் சிறிய துணை இன்ஜின் வேலை செய்யாததாக இருக்கலாம். இன்ஜின் கிளம்பும்வரை ஏ.சி. அதில்தான் ஓடும், அது இல்லையென்றால் தரையிலிருந்து குளிர்காற்றுக் குழாய் மாட்ட வேண்டும். எந்தெந்தப் பாகம் பழுதாக இருந்தால் பறக்கலாம், அதை எத்தனை நாளைக்குள் சரிசெய்ய வேண்டும் என்று ‘எம்.இ.எல்.’ என்ற பட்டியல் இருக்கிறது. அதில் பி வகைப் பழுதுக்கு 3 நாள், சி வகைப் பழுதுக்கு 10 நாள், பழுதை எழுதிய நாள் சேராமல். பட்டியலில் இடமில்லாத பழுதென்றால் சரிசெய்யும்வரை விமானம் நகராது. ஆக, கோளாறோடு கிளம்பியது என்பது விதியை மீறியதாக இருக்க வேண்டியதில்லை.

தாமதத்துக்கு: இரண்டரை மணி நேரம் வரையுள்ள பயணம் (கோவை, பெங்களூரு) 2 மணி நேரம் தாமதமானாலே சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும், டெல்லி போல அதைவிட நீண்டதென்றால் 3 மணி நேரம். 6 மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானமா, முழுப் பணமா என்று உங்களைக் கேட்க வேண்டும். கவுன்டரில் மறுத்தால் ‘ஏர்சேவா’ செயலியில் புகார் போடுங்கள். தாமதம் பற்றி வந்த எஸ்.எம்.எஸ்.ஸை அழித்துவிடாதீர்கள், போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீர்கள். புகாருக்கு அவை இரண்டும் உதவும்.