அரக்குத் தட்டும் அரைக் கட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தேவகோட்டையில் எங்கள் வீட்டுப் பெட்டியறையில் ஐயா வாங்கி வைத்த, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்கு இசைத்தட்டுகள் முப்பது கிடைத்தன. நாடகப் பாட்டு, நாகஸ்வரம், கச்சேரி உருப்படிகள். நண்பர்கள் மூவர் சேர்ந்து சிறிய இசைத்தட்டு நிறுவனம் தொடங்கி, முதல் வெளியீடாக இவற்றில் சிலவற்றை எல்பியாக (பக்கத்துக்குப் பல பாட்டுகள் கொள்ளும் நெடுந்தட்டாக) கொண்டுவர இருக்கிறோம். சோதனைக்கு ஒன்றைக் கணினியில் ஏற்றி இரைச்சலை நீக்கினோம். தம்புரா காணாமல் போய்விட்டது, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. எங்கே பிழை?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பிழை ஊசியிலேயே தொடங்கியிருக்கும். எல்பி ஊசி முனையின் ஆரம் ஏறக்குறைய 18 மைக்ரான். 78 தட்டின் பள்ளத்துக்கு 75 மைக்ரானை ஒட்டி வேண்டும். சிறிய முனை பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே படிந்த அழுக்கைத்தான் வாசிக்கும். 65 முதல் 90 வரை மூன்று நான்கு முனைகளை வைத்துக்கொண்டு தட்டுக்குத் தட்டு மாற்றிப் பாருங்கள். அந்தக் காலத்து எஃகு ஊசி பள்ளச் சுவரை ஒரு மட்டத்தில் தேய்த்திருக்கும். அளவு மாறிய முனை தேயாத இடத்தில் ஓடும்.

அதற்கு முன் தட்டைக் கழுவ வேண்டும். ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் ஆகாது, அரக்கு கரைந்துவிடும். பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு லிட்டருக்குச் சில சொட்டு வாசனையற்ற பாத்திர சோப்பு போதும். நடுக் காகிதம் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிற்கவைத்து உலர்த்துங்கள்.

ஃபோனோ ப்ரீஆம்பில் (ஊசியின் மெல்லிய ஒலிக்குறிப்பைப் பெருக்கும் கருவியில்) உள்ள ஆர்ஐஏஏ திருத்தம், அதாவது எல்பிக்கென்று வகுத்த ஒலிச் சமன்பாடு, 1950களில் நிலைபெற்றது. அது 10 கிலோஹெர்ட்ஸில் ஏறக்குறைய 14 டெசிபெல் குறைக்கும். பழைய தட்டு மங்கிப்போவது இதனால்தான். திருத்தமில்லாமல், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், இரண்டு சேனலாகப் பதியுங்கள். பிறகு மோனோவாக்கினாலே இரைச்சல் கணிசமாகக் குறையும்.

நான் அதிகம் கவலைப்படுவது சுருதியைப் பற்றி. 78 என்பது பெயரளவுக்குத்தான். பழைய தட்டுகளில் நாலைந்து சுற்று கூடக்குறைய வெட்டியவை உண்டு. 78இல் ஓட வேண்டியது 82½இல் ஓடினால் சுருதி அரைக் கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த கட்டைக்கு, ஏறிவிடும். பாடகரின் குரல் இளைத்து, பிருகா (வேகமாக உருளும் சங்கதி) பொய்யாய் விரையும். நாடகப் பாட்டில் ஆர்மோனியம் இருந்தால் நல்லது. சுருதி அதன் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே நின்றால் வேகத்தைச் சந்தேகியுங்கள். ஒரே ராகம் இருபக்கமும் ஓடும் தட்டில், முதல் பக்க முடிவையும் மறுபக்கத் தொடக்கத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டையும் ஒட்டி ஒரே ஆலாபனையாக்க வேண்டாம். மூன்று நிமிடத்துக்கென்று அளந்து பாடி நிறுத்திய இடம் அது.

இரைச்சல் நீக்கத்தைக் கடைசிக்கு வையுங்கள். 'டிக்' ஒலிகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுங்கள். தொடர்ந்து வரும் 'ஸ்ஸ்' ஒலியை மென்பொருள் துடைக்கும்போது, மாறாமல் ஒலிக்கும் தம்புராவையும் இரைச்சலாக எண்ணித் துடைக்கிறது. மிருதங்கத்தின் சாப்பும் மழுங்குகிறது. கொஞ்சம் இரைச்சல் இருக்கட்டும்.

எல்பியின் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம், அதாவது 78 தட்டுகளின் ஆறு பக்கங்கள் போதும். நாகஸ்வரத்தை வெளி விளிம்பில் வையுங்கள்: அங்கே பள்ளம் ஊசியடியில் நொடிக்கு 51 செ.மீ. ஓடுகிறது, உள்ளே 21தான். கூர்மையான ஒலி உள்ளே வந்தால் கரகரக்கும்.

உரிமை விஷயத்தில் ஒன்று. ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியானதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டில் முடியும். பாட்டின் உரிமை தனி. இயற்றியவர் மறைந்தபின் 60 ஆண்டு. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல், ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை அனுமதி வேண்டும்.

உறையில் பழைய தட்டின் லேபிள் எண்ணையும் மேட்ரிக்ஸ் எண்ணையும் (தட்டிலேயே பொறித்திருக்கும் பதிவு எண்) அச்சிடுங்கள். காரைக்குடியில் தட்டு விற்ற ஏவி அண்ட் சன்ஸ் குடும்பத்திலிருந்துதான் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வந்தது. உங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் எத்தனையோ தட்டுகள் இருக்கும், அந்த எண்களை வைத்துத்தான் அடையாளம் காண முடியும்.

எல்பி அச்சாகும் முன் ஆலை அனுப்பும் சோதனைப் பிரதி வந்ததும் முதலில் நடுத் துளையைப் பாருங்கள். துளை மையம் விலகியிருந்தால் சுற்றுக்கு ஒருமுறை சுருதி ஆடும். அந்தப் பிரதிக்கு ஒப்புதல் தராதீர்கள்.