எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாம் ஆண்டு படிக்கிறேன். களப்பணியில் தொழில் அறத்தோடு நடந்துகொள்ள எப்படிப் பழகுவது?

வகுப்பில் இரகசியம் காத்தல், சுயநிர்ணயம், ஏற்றுக்கொள்ளுதல் என்று ஒரு பட்டியல் கொடுத்திருப்பார்கள். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் ஏஜென்சிக்கு, அதாவது களப்பணி செய்யும் நிறுவனத்துக்கு, போகத் தொடங்கியிருப்பீர்கள், அங்கே எதுவும் அந்தப் பட்டியல்படி நடந்திருக்காது. அதனால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். "நல்ல மனசு இருந்தால் போதும்" என்று பலர் பதில் எழுதுவார்கள். போதாது. நல்ல மனசுக்காரர்கள்தான் சட்டென்று வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். நீங்கள் கொடுக்கும் வாக்கையும் எழுதும் ரிப்போர்ட்டையும் ஒழுங்குபடுத்தினாலே தொழில் அறத்தில் பாதிக்கு மேல் கைவந்துவிடும்.

முதலில் வாக்கு. "யார்கிட்டயும் சொல்லமாட்டேன், பயப்படாம சொல்லு" என்ற வாக்கியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். அது உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு. பதிலாக, குழந்தையிடம் முதல் சந்திப்பிலேயே இப்படிச் சொல்லிப் பழகுங்கள்: "நீ சொல்றதை ஊர்லயோ ஸ்கூல்லயோ பேசமாட்டேன். எனக்குச் சொல்லித்தர்ற மேடம்கிட்ட மட்டும் பேசுவேன். உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா, காப்பாத்தக்கூடியவங்ககிட்ட சொல்லியாகணும். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." இதைக் கேட்டால் குழந்தை வாய் திறக்காது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். சில குழந்தைகள் ஒரு வாரம் யோசிக்கும், உண்மைதான். ஆனால் பொய் வாக்கை நம்பிப் பேசிய பிறகு வீட்டு வாசலில் போலீஸ் வந்து நின்றால், அந்தக் குழந்தை அதற்குப்பின் எந்தப் பெரியவரையும் நம்பாது.

2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தை மீதான பாலியல் குற்றம் பற்றித் தெரிந்த எவரும் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. படிக்கிற பிள்ளை என்று உங்களுக்கு இதில் விலக்கு கிடையாது. குழந்தை சொல்லத் தொடங்கினால் குறுக்கே கேள்வி கேட்காதீர்கள். "அப்பவே ஏன் சொல்லல?" என்று கேட்கவே கூடாது. போனில் பதிவு செய்யக்கூடாது. அது சொன்ன சொற்களை அப்படியே, கொச்சையாக இருந்தாலும் திருத்தாமல், தேதி நேரத்தோடு எழுதுங்கள். பெற்றோரிடம் நீங்களாகப் போய் விசாரிக்காதீர்கள். தவறு செய்தவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம். அன்றைக்கே ஏஜென்சி சூப்பர்வைசரிடமும் கல்லூரி சூப்பர்வைசரிடமும் சொல்லுங்கள். "நிறுவனத்துக்குக் கெட்ட பேர் வரும், விடு" என்று பதில் வந்தாலும் உங்கள் கடமை தீராது. குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

மருத்துவமனையில் களப்பணி என்றால் இதையே வேறு வடிவில் பார்ப்பீர்கள். 17 வயதுப் பெண் கர்ப்பமாக வந்திருப்பாள், "18னு எழுதிடும்மா" என்று அவள் அம்மா கையைப் பிடித்துக்கொள்வார். 18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோவில் குழந்தைதான், அதனால் வயதை மாற்றி எழுத முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிகிச்சை நிற்காது, இனி யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். அந்தக் குடும்பத்துக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது அதுதான்.

வயது வந்த பெண்ணை கணவர் அடிக்கிறார் என்றால் கணக்கு வேறு. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும், குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி உள்ள பாதுகாப்பு அலுவலர் என்ன செய்வார் என்பதையும் சொல்லலாம், பிடித்துத் தள்ளக்கூடாது. அவருக்குப் போன் செய்வதற்கு முன்னால் "இந்த நம்பருக்குக் கூப்பிட்டா யார் எடுப்பாங்க, எந்த நேரம் கூப்பிடலாம்?" என்று கேட்டு வையுங்கள். அக்கறையாக அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்தியைக் கணவர் பார்த்துவிட்டால் அன்று இரவும் அடி விழும்.

அடுத்து ரிப்போர்ட். கண்டது, கேட்டது, நினைத்தது மூன்றையும் ஒரே வாக்கியத்தில் குழைப்பதுதான் மாணவர்களின் பெரிய சிக்கல். "கணவர் குடிகாரர், பொறுப்பற்றவர்" என்பது தீர்ப்பு. "கணவர் தினமும் மாலை குடித்துவிட்டு வருவதாக மனைவி சொன்னார். நான் போனபோது கணவர் வீட்டில் இல்லை" என்பது பதிவு. உங்கள் கருத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. தனிப் பத்தியில், "எனக்குத் தோன்றியது" என்று எழுதுங்கள்.

பெயரை மாற்றிவிட்டால் இரகசியம் காத்தாயிற்று என்று நினைக்காதீர்கள். "ஆர்., 14 வயது, இந்த ஊர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு, அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சலூன் வைத்திருக்கிறார்" என்று எழுதினால் அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஊரையும் பள்ளியையும் எடுத்துவிடுங்கள், தொழிலைப் பொதுவாக்குங்கள். எந்தக் குறியீடு யாருக்கு என்ற தாள் ஏஜென்சி பீரோவிலேயே இருக்கட்டும். சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி மட்டுமல்லாமல், அடையாளம் காட்டக்கூடிய எந்த விவரமும் வெளியே வரக்கூடாது என்கிறது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் நிலையை ஒப்புதல் இல்லாமல் வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு, பிரிண்ட் எடுக்க முழு ரிப்போர்ட்டையும் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறார்கள்! அந்த ஃபைல் கடைக் கம்ப்யூட்டரில் மாதக்கணக்கில் கிடக்கும். துறையிலேயே பிரிண்ட் கேளுங்கள். வழியில்லை என்றால் கேஸ் விவரப் பக்கங்களைக் கையால் எழுதுங்கள். ஜூனியருக்கு "மாடல்" என்று பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிக் கொடுப்பதும் இதே வகைதான்.

வெளிநாட்டுப் பாடநூல்களில் வரும் "பரிசு வாங்காதே, தூரம் காத்துக்கொள்" என்பதை அப்படியே இங்கே இறக்காதீர்கள். காலனி வீட்டில் ஒரு சொம்பு தண்ணீரோ டீயோ கொடுத்து, நீங்கள் "வேண்டாம்" என்றால், அவர்கள் காதில் அது சாதியாகத்தான் விழும். வாங்கிக் குடியுங்கள். அக்கா, அண்ணா, பாட்டி என்று கூப்பிடுவதிலும் தவறில்லை. சேலை, பணம், கோழி வேண்டாம். நீங்களும் கைக்காசு கொடுக்காதீர்கள். பஸ்ஸுக்கு 50 ரூபாய் இல்லாமல் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை என்றால், ஏஜென்சியில் அதற்கு வழி உண்டா என்று கேட்டு, அதன் வழியாகவே கொடுங்கள். ஒரு வீட்டுக்கு நீங்கள் கொடுத்தது மாலைக்குள் தெரு முழுக்கத் தெரியும், அடுத்த வாரம் கொடுக்காத வீட்டில் உங்களோடு பேசமாட்டார்கள். மனசு கல்லா என்று கேட்பவர்கள் அந்த அடுத்த வாரத்தையும் யோசிக்கட்டும்.

முதியோர் உதவித்தொகை விஷயத்தில், "வாங்கித் தர்றேன் பாட்டி" என்று சொல்லவே வேண்டாம். "மனு எழுதித் தர்றேன், கூட வர்றேன். முடிவு தாலுகா ஆபீஸ்ல தனி தாசில்தார் கையில" என்பதுதான் உண்மை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1936இலேயே பம்பாயில் தொடங்கிய படிப்பு இந்தச் சமூகப்பணி. சென்னையில் 1952இல் வந்துவிட்டது. மருத்துவ, மனநலச் சமூகப் பணியாளர்களை, சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல, சமூகப்பணித் தொழில் முழுவதற்குமான சட்டப்பூர்வ கவுன்சில் இன்னும் இல்லை. தவறு செய்தவரின் பதிவை இரத்து செய்ய, பதிவு என்ற ஒன்றே பலருக்குக் கிடையாது. பிறந்தநாள் ஃப்ளெக்ஸில் பெயருக்குக் கீழே "சமூக சேவகர்" என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், இரண்டு வருடம் படித்து வந்த பிள்ளையிடம் "சேவைக்கு எதுக்குச் சம்பளம்?" என்று கேட்கிறார்கள். களப்பணி வருகைப் பதிவில் ஒரு பருவத்துக்கான எல்லாக் கையெழுத்தையும் ஒரே நாளில் போடும் இடங்களும் இருக்கின்றன. அப்படிப் போடச் சொன்னால் போடாதீர்கள். போகாத நாளைப் போகவில்லை என்று எழுதி, ஈடுசெய்ய வேறு நாள் கேளுங்கள். மதிப்பெண் குறையலாம், குறையட்டும்.

ஏஜென்சி ஆண்டறிக்கைக்குக் குழந்தைகளைப் படம் எடுக்கச் சொன்னால், எழுத்தில் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் போனில் எடுக்கவே வேண்டாம், ஸ்டேட்டஸிலும் வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதைப் பலர் மறக்கிறார்கள். உங்கள் களப்பணி எந்த மாதம் முடியும் என்பதை, நீங்கள் சந்திக்கிறவர்களிடம் முதல் வாரத்திலேயே சொல்லுங்கள், முடிவதற்கு மூன்று வாரம் முன்னால் மறுபடி சொல்லுங்கள். இல்லத்துக் குழந்தைகள், முதியோர் என்றால் இது கட்டாயம். முடியும் வாரத்தில் ஏஜென்சி ஊழியர் ஒருவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். பாதியில் நிற்கும் மனுக்களின் ரசீது எண்களை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். வீட்டில் விட்டுவிட்டு வர வேண்டியது ஏஜென்சியின் நம்பர், உங்களுடையது வேண்டாம்.