மறதி நோய் தொடங்கிய பிறகு அப்பா எழுதும் உயில் செல்லுமா? பவர் பத்திரம் மட்டும் போதாதா?

செல்லும். நோய் இருப்பதாலேயே உயில் செல்லாமல் போகாது. கையெழுத்திடும் நேரத்தில் தன் சொத்து என்ன, வாரிசுகள் யார், யாருக்கு எது போகிறது என்பது அவருக்குப் புரிந்தால் போதும். பின்னாளில் வழக்கு கிளம்புவதும் இதை வைத்துத்தான். ஆகவே அதே நாளில் மருத்துவரிடம் மனத்தெளிவுச் சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். காலையில் தெளிவாக இருப்பவர் என்றால் காலையிலேயே முடித்துவிடுங்கள். பங்கு பெறும் பிள்ளை அந்த அறையில் இருக்கவே வேண்டாம். சாட்சியாக நின்றவருக்கு எழுதிய பங்கு பல நாடுகளில் செல்லாது.

பவரின் வேலை வேறு: அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தருவது. அவர் இறந்த நொடியே அது முடிந்துவிடும். உயில் உயிர்பெறுவது அப்போதுதான். சாதாரண பவர், அவர் முடிவெடுக்கும் திறனை இழந்தாலே பல நாடுகளில் செயலிழக்கும்; பராமரிப்புச் செலவுக்குப் பணம் எடுக்க வேண்டிய நேரத்தில் கைவிடும். 'திறன் இழந்த பின்னும் தொடரும்' வகை உங்கள் சட்டத்தில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இல்லையென்றால் நீதிமன்றம் போய்க் காப்பாளராக நியமனம் பெற வேண்டும், அது இழுக்கும். சிகிச்சை முடிவுகளுக்குப் பெரும்பாலும் தனிப் பத்திரம் தேவை.

வீட்டை இப்போதே பிள்ளை பெயருக்கு மாற்றிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். பிள்ளையின் கடனோ விவாகரத்தோ அந்த வீட்டைத் தொடலாம். பராமரிப்பு இல்லத்துக்குப் பணம் திரட்ட விற்க வேண்டியதும் அந்த வீடாகவே இருக்கலாம்.