மூன்று படி இறங்கிப் போகும் வீடு

கேள்வி: மடிப்பாக்கத்தில் 1994இல் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறோம். ஒரு கிரவுண்டு, தரைத்தளம் மட்டும். ரோடு ஏறி ஏறி இப்போது மூன்று படி இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். 15 லட்சம் போட்டு டைல்ஸ், மாடுலர் கிச்சன் எல்லாம் மாற்றலாம் என்கிறான் மகன். விற்றுவிட்டுப் பெரும்பாக்கம் பக்கம் ஃப்ளாட் வாங்கலாம் என்கிறார் மனைவி. அம்மாவுக்கு 78 வயது. எது சரி?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டுமே சரியில்லை. டைல்ஸையும் ஃப்ளாட்டையும் பற்றிக் கேட்கிறீர்கள், ஆனால் உங்கள் பிரச்சினை அந்த மூன்று படி. அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள்.

வீட்டுக்குள் இருக்கும் குறைக்காக வீட்டை விற்க வேண்டியதில்லை. தெருவில் இருக்கும் குறையை வீட்டுக்குள் பணம் போட்டுத் தீர்க்கவும் முடியாது. 2015 டிசம்பர் 1 ராத்திரி எங்கள் வீட்டில் எல்லாரும் வாசலில் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் சமையலறையில் கணுக்கால் அளவு தண்ணீர். தெருத் தண்ணீர் வாசற்படியைத் தொடும் முன்பே பாத்ரூம் ஓட்டை வழியாகக் கறுப்பாகக் கொப்பளித்து வந்திருந்தது. ரோட்டைவிடத் தாழ்ந்த வீட்டில் அப்படித்தான் வரும், கதவை எவ்வளவு இறுக்கமாக அடைத்தாலும். அந்தத் தண்ணீரில் ஒரு ராத்திரி நின்றால் மாடுலர் கிச்சனின் பலகை உப்பிப்போகும், கதவு மூடாது. 15 லட்சத்தை அங்கே கொண்டுபோய் வைக்காதீர்கள் என்று உங்கள் மகனிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூபில் தண்ணீர் நிரப்பி, கேட்டில் ஒரு கோடு, அதே மட்டத்தில் ஹால் சுவரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கேட்டின் கோட்டிலிருந்து ரோடு வரைக்கும், ஹால் கோட்டிலிருந்து தரை வரைக்கும் டேப் வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் எத்தனை அங்குலம் பள்ளத்தில் இருக்கிறீர்கள் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அரை அடி என்றால் உள்ளே தரையை ஏற்றிச் சமாளிக்கலாம். இரண்டு அடி என்றால் அது நடக்காது, ஏனென்றால் ஏழடி நிலைக்கதவு ஐந்தடியாகிவிடும், ஜன்னல் முழங்காலுக்கு வரும், அம்மாவைத் தவிர எல்லாரும் குனிந்துதான் போக வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். காண்ட்ராக்டர் கூட்டி வருபவர் வேண்டாம், நீங்களே காசு கொடுத்து அழைக்கும் ஆளாக இருக்கட்டும். சீலிங்கில் பூச்சு உதிர்ந்து கம்பி தெரிகிறதா என்பதுதான் முக்கியம். துருப்பிடித்த கம்பி பருக்கும், பருத்தால் கான்கிரீட்டைப் பிளக்கும், மேலே பெயின்ட் அடித்து அதை மறைக்கத்தான் முடியும். சுவரும் தளமும் நன்றாக இருந்தால் ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிவிடலாம். சென்னையில் பல தெருக்களில் செய்திருக்கிறார்கள், உங்களுடையது போல் தரைத்தளம் மட்டும் உள்ள செங்கல் வீட்டுக்கு அது நல்ல வழி. கம்பி போய்விட்டது என்றால் இடித்துவிட்டு, கீழே சுவரில்லாமல் தூண் மட்டும் நிற்கும் ஸ்டில்ட் தளம் விட்டு மேலே கட்டுங்கள். மனசுக்குக் கஷ்டம்தான், அப்பா கட்டியது. ஆனால் மண் உங்களுடையதாகவே இருக்கும்.

பெரும்பாக்கம் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் ஓரத்தில் இருக்கும் ஊர் அது. 2015இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அங்கே தண்ணீர் நின்றது. தண்ணீருக்குப் பயந்து தண்ணீர் போய்ச் சேரும் இடத்துக்கே குடிபோவானேன்? மூன்றாவது மாடி என்றால் வீட்டுக்குள் வராது, சரி. கரண்ட் போய் லிஃப்ட் நின்றால் 78 வயது அம்மா எப்படி இறங்குவார்? கணக்கும் பாருங்கள். கைமாறும் பழைய ஃப்ளாட் என்றால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் பத்திரத்துக்கே போய்விடும். கையில் வருவது, மற்ற ஃப்ளாட்காரர்களோடு பொதுவாக இருக்கும் மனையில் பிரிக்கப்படாத பங்காகச் சில நூறு சதுர அடி. நீங்கள் விட்டுக்கொடுப்பது ஒரு முழு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. உங்கள் மனைவி கேட்பது ஃப்ளாட்டை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் பீரோவுக்கு அடியில் செங்கல் வைக்காமல் தூங்க வேண்டும் என்கிறார். அதைக் கொடுக்க வேறு வழி இருக்கிறது.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். வீட்டைத் தூக்கிய பிறகு அடுத்த முறை ரோடு போட வந்தால், பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட வேண்டும் என்று தெருவே சேர்ந்து நில்லுங்கள். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதையே உத்தரவாகப் போட்டார். கேட்க ஆள் இல்லாத தெருவில் உத்தரவு காகிதமாகவே கிடக்கும்.

வேலை நடக்கும் மாதங்களில் அம்மாவுக்கு அதே தெருவில் ஒரு வாடகை வீடு பாருங்கள். கோயிலும் பழகிய முகங்களும் பக்கத்தில் இருக்கட்டும். மழைக்கு முன்னால் அளந்துவிட்டு, எத்தனை அங்குலம் என்று எனக்கு எழுதுங்கள்.