புது ரிவர்ஸ் கேமரா, கறுப்புத் திரை

கேள்வி: காருடன் வந்த ரிவர்ஸ் கேமராவில் தண்ணீர் புகுந்துவிட்டதால், வெளியே வாங்கிய வேறொரு கேமராவை மாட்டினேன். ரிவர்ஸ் கியர் போட்டதும் திரை மாறுகிறது. ஆனால் படம் இல்லை, கறுப்பாகவே நிற்கிறது. கேமராவே பழுதா?

பதில்: அதற்குள் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். திரை மாறுகிறது என்றால், கியர் போட்ட தகவல் திரையுள்ள ஸ்டீரியோவுக்குப் போய்விட்டது. வராதது படம் மட்டும்தான்.

முதலில் மின்சாரம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். கேமரா இணைப்பைக் கழற்றாமலேயே அதன் சிவப்பு, கறுப்பு வயர்களுக்கு இடையே மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். கழற்றிவிட்டு அளந்தால், அரைகுறையாக முறுக்கி இணைத்த வயர்கூட முழு 12 வோல்ட் காட்டி ஏமாற்றிவிடும். ஒன்றும் காட்டாவிட்டால் மீட்டரின் கறுப்பு முனையை பாடியில் பெயின்ட் இல்லாத இரும்பில் வையுங்கள். அங்கே 12 வந்தால் எர்த் சரியில்லை. பெயின்ட் பூசிய போல்ட்டில் கட்டியிருப்பார்கள், சுரண்டிவிட்டு இறுக்குங்கள்.

6 வோல்ட் மட்டும் காட்டுகிறதா? பழைய கேமராவின் வயரிலேயே புதியதை இணைத்திருப்பீர்கள். டொயோட்டா கார்கள் பலவற்றில் கம்பெனி கேமராவுக்கு 6 வோல்ட்தான் வரும். 12 வோல்ட் கேமரா அதில் விழிக்காது. தனியாக 12 வோல்ட் லைன் இழுத்து, 1 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள்.

மின்சாரம் சரியென்றால் அடுத்தது வீடியோ கேபிள். கேமராவை முன்சீட்டுக்கே கொண்டுவந்து, ஃபியூஸோடு 12 வோல்ட் கொடுத்து, சின்னக் கேபிளால் ஸ்டீரியோவில் செருகிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் குற்றவாளி நீளக் கேபிள். டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் வயர் மடங்குவது அங்கேதான். வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

அப்போதும் வரவில்லையா? சிக்னல் வகை பொருந்தாமல் இருக்கலாம். சாதாரண கேமரா சிவிபிஎஸ் என்ற பழைய அனலாக் சிக்னலும், ஹெச்டி என்று விற்பவற்றில் பல ஏஹெச்டி என்ற உயர்தெளிவு அனலாக் சிக்னலும் அனுப்பும். ஸ்டீரியோ செட்டிங்கில் கேமரா வகையை (சிவிபிஎஸ், ஏஹெச்டி 720, 1080, PAL, NTSC என்ற வீடியோ முறைகள்) ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். காருடன் வந்த திரையில் இந்தத் தேர்வே இருக்காது. அது டிஜிட்டல் கேமராவுக்கான திரையென்றால் இந்தக் கேமரா எத்தனை நாள் மல்லுக்கட்டினாலும் ஓடாது; அதே மாடலுக்குரியதைத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: இக்னிஷனில் மட்டும் இருக்கும்போது படம் தெளிவு. இன்ஜின் ஓடினால் கோடுகள் ஓடுகின்றன. ஏன்?

பதில்: ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். வேகத்துக்கு ஏற்பக் கோடுகளும் மாறினால் அது, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் இரைச்சல். எர்த்தைச் சரிபார்த்து, கேமராவின் 12 வோல்ட் லைனில் ஒரு பவர் ஃபில்டர் சேர்த்தால் பெரும்பாலும் அடங்கும்.

மாறாமல் ஒரே சீராகத் துடித்தால் காரணம் வேறு. புதிய கார்கள் சிலவற்றில் கம்ப்யூட்டர் ரிவர்ஸ் விளக்குக்கு மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும். பல்ப் கண்ணுக்கு ஒரே சீராக எரியும். கேமரா அந்த இடைவெளியில் திணறும். விளக்கிலிருந்து மின்சாரம் எடுப்பதை விட்டுவிட்டு, இக்னிஷனில் உயிர்பெறும் ஏசிசி லைனிலிருந்து ஃபியூஸ் வழியாகக் கேமராவுக்குக் கொடுங்கள். ரிவர்ஸ் விளக்கு வயர் ஸ்டீரியோவுக்குத் தகவல் சொல்ல மட்டும் இருக்கட்டும். கேமரா எப்போதும் எரிந்துகொண்டிருக்குமே என்ற கவலை வேண்டாம். இக்னிஷன் அணைந்தால் அதுவும் அணையும். மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சான ரிலே போட்டும் செய்யலாம்தான், ஆனால் அதே துடிப்பில் ரிலேயும் டக் டக்கென்று அடிக்கக்கூடும்.

கேள்வி: இடது வலது மாறித் தெரிகிறதே?

பதில்: ஸ்டீரியோ செட்டிங்கில் 'மிரர்' இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இல்லையென்றால், கேமராவுக்கு அருகே வளையமாகத் தொங்கும் சின்ன வயர்களைப் பாருங்கள். ஒன்றை வெட்டினால் படம் திரும்பும்; மற்றொன்றை வெட்டினால் பார்க்கிங் கோடுகள் மறையும். எந்த நிறம் எதற்கு என்பது ஒவ்வொரு கேமராவிலும் வேறு, உடன் வரும் தாளைப் பார்க்காமல் கத்தரியைத் தொடாதீர்கள். வெட்டிய இரு நுனிகளுக்கும் தனித்தனியே டேப் சுற்றுங்கள். காரின் வலப்பக்கப் பின்விளக்கருகே ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். திரையிலும் அவர் வலப்பக்கமே தெரிய வேண்டும்.