வழக்கு மருந்தின் மேல் அல்ல, ஊசி குத்திய இடத்தின் மேல்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (மலைக் கிராமம்) இருக்கிறோம். மகளுக்கு ஒன்றரை வயதில் பூஸ்டர் தடுப்பூசி போட ஒரு தனியார் கிளினிக்குக்குப் போய் 1,900 ரூபாய் கட்டினோம். வலது பக்கம் இடுப்பில் ஊசி போட்டார்கள். குத்தியதுமே வீறிட்டு அழுதாள். அன்று சாயங்காலத்திலிருந்து வலது பாதத்தைத் தூக்கவில்லை. 20 மாதம் ஆகியும் பாதம் தொங்கித்தான் நடக்கிறாள். அந்த டாக்டர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது, போலியோவா என்று பார்க்க இரண்டு முறை மலம் எடுத்துப்போய் எங்களை அவமானப்படுத்தினார்கள். கலெக்டருக்கு மூன்று மனு, முதல்வர் தனிப்பிரிவுக்கு ஒரு மனு கொடுத்தும் பலனில்லை. தடுப்பூசி கம்பெனி, அரசு, டாக்டர் எல்லார் மேலும் வழக்குப் போட வேண்டும். போலீஸிலும் புகார் கொடுக்கச் சொல்கிறான் தம்பி. கிளினிக்காரர்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் மூலம் 4 லட்சம் தருவதாகச் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஐந்து மாதக் கைக்குழந்தைக்கு இனித் தடுப்பூசியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டோம்.

பதில்: அம்மா, மூன்று பக்கக் கடிதத்தில் வழக்குக்கு உதவுவது இரண்டு வரிதான். ஊசி இடுப்பில் போட்டார்கள். அன்று சாயங்காலமே, அதே பக்கப் பாதம் விழுந்தது. டாக்டர் முகம் கொடுக்காதது, மனுக்களுக்குப் பதில் வராதது, இவற்றின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் இவற்றுக்கு எந்த நுகர்வோர் ஆணையமும் ஒரு ரூபாய் தராது.

அந்த இரண்டு வரி ஏன் முக்கியம் என்றால், பிட்டத்தின் வழியாகத்தான் காலுக்குப் போகும் பெரிய நரம்பு ஓடுகிறது. அதனால்தான் இந்த வயதில் இந்தத் தடுப்பூசியைத் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போட வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அதை மீறி இடுப்பில் குத்தி நரம்பில் பட்டால், அது மருந்தின் பக்கவிளைவு அல்ல, கைத்தவறு. கைத்தவறை நிரூபிக்க முடியும். மருந்தே கெட்டது என்பதை நிரூபிப்பது மலையைப் புரட்டுகிற வேலை.

கம்பெனியை விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் 1986-ம் ஆண்டுச் சட்டப்படி ஒரு நிதி இருக்கிறது. தடுப்பூசிகள் மேல் வரி வாங்கி, அதிலிருந்து யார் தவறு என்று கேட்காமலே நஷ்டஈடு தருகிறார்கள். நம் குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசிகளுக்கு அப்படி ஒரு நிதி இங்கே சட்டத்தில் இல்லை. கக்குவான் தடுப்பூசியால் மூளை பாதித்தது என்று இங்கிலாந்தில் போட்ட வழக்கு 1988-ல் தோற்றது. பிறகு 2006-ல் வந்த ஓர் ஆய்வில், அப்படிப் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட 14 பேரைச் சோதித்தபோது 11 பேருக்குப் பிறவியிலேயே மரபணுக் கோளாறு இருந்தது தெரிந்தது. உங்கள் புகாரில் ‘தடுப்பூசி விஷம்’ என்று ஒரு வரி வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதை மட்டும் பிடித்துக்கொள்வார். இடுப்பில் ஏன் குத்தினாய் என்ற கேள்வி அதோடு மறைந்துவிடும்.

இப்போது, நீங்கள் அவமானம் என்று எழுதிய விஷயம். 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குக் கை கால் திடீரெனத் தளர்ந்தாலும் போலியோ கண்காணிப்பில் பதிவு செய்து, இரண்டு முறை மலம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்பது நாடு முழுவதும் உள்ள நடைமுறை. 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்று வாங்கிய பிறகும் அது தொடர்கிறது. அந்தப் படிவத்தில் கால் விழுந்த தேதி, எந்தக் கால், ஊசி போட்ட விவரம் எல்லாம் அரசு டாக்டரே எழுதியிருப்பார். தேவைப்பட்டால் 60 நாள் கழித்து மறுபடி பார்ப்பார்கள். போலியோ இல்லை, வேறென்ன என்று முடிவும் எழுதுவார்கள். ‘ஊசியால் நரம்புக் காயம்’ என்று அதில் இருந்தால் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சாட்சி அதுதான். தடுப்பூசி அட்டையில் தேதி இருக்கும், எங்கே குத்தினார்கள் என்பது இருக்காது. ஆகவே நாளைக்கே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தப் படிவத்தைக் கேட்டு மாவட்ட சுகாதார அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். சேர்த்த அன்று அரசு மருத்துவமனையில் எழுதிய கேஸ் ஷீட்டையும் வாங்குங்கள். கிளினிக்கிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்தில் பதிவேட்டைத் தர வேண்டியது அவர்கள் கடமை. கோவையில் நரம்புப் பரிசோதனை எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட்டும் வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது நாட்கணக்கைப் பற்றி. நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. உங்களுக்கு மிச்சம் நாலு மாதம். கலெக்டருக்குப் போட்ட மனு அந்தக் கெடுவை ஒரு நாள்கூட நிறுத்தாது. மைனர் என்றால் 18 வயது வரை காலம் இருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். சிவில் கோர்ட்டில் அந்தச் சலுகை உண்டு. ஆணையத்தில் அதை நம்பித் தாமதிக்காதீர்கள், பெற்றோராக நீங்கள் கேட்கும் சொந்த உரிமைக்கு அது பொருந்தவே பொருந்தாது. இலவச ஊசி என்றால் ஆணையத்தின் கதவு திறப்பதே கடினம். நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கேஸ் ஊட்டியிலேயே போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை.

தம்பியிடம் போலீஸ் பேச்சை நிறுத்தச் சொல்லுங்கள். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, டாக்டர் மேல் குற்ற வழக்கு என்றால் வேறொரு மருத்துவரின் கருத்து முதலில் வேண்டும். தவறு மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். ‘அந்த அளவுக்கு இல்லை’ என்று அந்தக் கருத்து வந்துவிட்டால், அதே தாளைத் தூக்கிக்கொண்டு ஆணையத்திலும் நிற்பார்கள்.

இனி அந்த 4 லட்சம். கூடலூரில் ஒரு தகப்பன், இதே போன்ற வழக்கு. ‘மனிதாபிமான உதவி’ என்று ஒன்றரை லட்சம் வாங்கி முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டார். ஒரு வருடம் கழித்து என்னிடம் வந்தார். அந்தத் தாளில் நடுவே ஒரு வரி: ‘குழந்தையின் காலில் ஏற்கெனவே பலவீனம் இருந்தது.’ அவர் படிக்கவில்லை, படித்துக் காட்டவும் இல்லை. அப்போது இரண்டு வருடமும் தாண்டியிருந்தது. என்னால் அந்தப் பிள்ளைக்கு எதுவும் செய்ய முடியவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

அதற்காகச் சமரசமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சமரசம் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். சென்னை அரசு மருத்துவமனையில் 1996-ல் பிறந்து, கண் பரிசோதனை செய்யாததால் பார்வை இழந்த குழந்தைக்கு உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி கொடுத்தது. தீர்ப்பு வந்தது 2015-ல். உங்கள் மகளுக்குப் பாதத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளிண்ட்டும் பிசியோவும் இப்போதே வேண்டும். ஆனால் வரிசை முக்கியம்: முதலில் கேஸ் போடுங்கள், பிறகு பேசுங்கள். கடுமையான காயம் ஏற்பட்ட மருத்துவ வழக்குகளை ஆணையம் சமரச மையத்துக்கு அனுப்ப முடியாது என்று 2020 விதிகள் சொல்கின்றன. ஆகவே இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மெமோவை ஆணைய உறுப்பினர்கள் முன்னாலேயே தாக்கல் செய்து உத்தரவாக வாங்குங்கள். பணத்தில் பெரும்பகுதியை மகள் பெயரில் 18 வயது வரை டெபாசிட்டாகப் போடச் சொல்லுங்கள். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

4 லட்சம் போதுமா? போதாது என்றே நினைக்கிறேன். கால் வளர வளர ஸ்பிளிண்ட் மாற்ற வேண்டும். நரம்பு தேறாவிட்டால் தசைநாரை மாற்றிக் கட்டும் அறுவைச் சிகிச்சையும் வரலாம். என்னென்ன, எத்தனை முறை, எவ்வளவு என்று எலும்பு டாக்டரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். மேட்டுப்பாளையம் இறங்கி ஏறிய பஸ் டிக்கெட், உங்கள் கூலி போன நாட்கள், எல்லாம் சேரும். குழந்தைக்குத் தனியாக, பெற்றோருக்குத் தனியாகக் கேட்கலாம். 1998-ல் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கில் குழந்தைக்கு 12.5 லட்சமும் பெற்றோருக்கு 5 லட்சமும் அப்படித்தான் கிடைத்தது.

கைக்குழந்தை விஷயத்தில் நீங்கள் செய்வது தவறு, அம்மா. மகளைக் கெடுத்தது ஊசி போன இடம். உள்ளே போன மருந்து அல்ல. வரும் புதன்கிழமை அவனைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். விட்டுப்போன தவணைகளை இப்போதும் போடலாம். தொடையில்தானே என்று நர்ஸிடம் கேட்டுவிட்டு, அவன் காலை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள்.